யாருக்கும் ஐஸ் வைக்கவில்லை!



ஆண்டு மலர் என்றால் முதலில் வாழ்த்துச் செய்திகள், அப்புறம் கவிதை, அப்புறம் துணுக்கு, அப்புறம் மறுபடியும் கவிதை என்று ஒரு வழக்கம் இருக்கிறது. (கவிஞர்கள் மன்னிக்க! நானும் முதலாண்டு மலரில் ஒன்று எழுதியவன்தான்.) இந்தத் தடவை "கருத்துக் கட்டுரை ஒண்ணு குடுடா" என்று பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டான். என்னிடம் இருக்கும் ஒரே கருத்து ஐஸைப் பற்றியது. ஐஸ் வைப்பதைப் பற்றி இல்லை. அதில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் வகுப்புக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது நம் தலைக்கு மேலே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் தானாக உருவாகிற ஐஸ். அதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு டிப்ளமோ மாணவனுக்கு வேண்டாத கணக்கு என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வேண்டிய கணக்குதான் என்பது என் கட்சி. தலைப்பைப் பார்த்து ஏமாந்து உள்ளே வந்தவர்கள் இரண்டு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஏப்ரல் மாதம். மேனாம்பேட்டில் எங்கள் தெரு முனை மளிகைக் கடை. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவன், "அண்ணாச்சி, நல்லா கூலா ஒரு வாட்டர் பாட்டில்" என்றேன். அண்ணாச்சி பெட்டி ஃப்ரீசருக்குள் தோள் வரை கையை விட்டு, அடியில் கிடந்த பாட்டிலை எடுத்தார். உள்ளே தண்ணீர், தண்ணீராகத்தான் இருந்தது. கல்லா மேல் 'டக்' என்று வைத்தார். பாட்டிலின் கழுத்திலிருந்து வெள்ளையாக ஏதோ கீழே இறங்கியது. நாலு எண்ணுவதற்குள் பாட்டில் முழுக்க ஐஸ் கூழ்!

"நேத்தும் ஒண்ணு இப்படித்தான் ஆச்சு தம்பி. கம்பெனிக்காரன் தண்ணில என்னத்தையோ கலக்குதான்" என்றார் அண்ணாச்சி.

உண்மை நேர் எதிர். எதுவும் கலக்காததால்தான் அப்படி ஆனது. தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். அது பாதி உண்மை. ஐஸ் 0 டிகிரியில் உருகும் என்பதுதான் முழு உண்மை. உறைவதற்கு வெறும் குளிர் போதாது. ஆரம்பித்து வைக்க ஏதாவது ஒன்று வேண்டும். கல்யாணப் பந்தி மாதிரி. இலை போட்டாச்சு, எல்லோருக்கும் பசி. ஆனாலும் முதல் ஆள் உட்காரும் வரை ஒருவரும் உட்கார மாட்டார்கள். நீர் மூலக்கூறுகளும் அப்படியே. ஒரு தூசியோ, ஒரு கீறலோ, ஒரு ஐஸ் துணுக்கோ முதல் ஆளாக வந்து உட்கார்ந்தால் மற்றதெல்லாம் வரிசையாக உட்கார்ந்துவிடும். இந்த முதல் ஆளுக்குக் 'கரு' என்று பெயர். கரு இல்லாத சுத்தமான சின்ன நீர்த்துளி மைனஸ் 38 டிகிரி வரைக்கும் கூட உறையாமல் தண்ணீராகவே இருக்கும். அதற்குக் கீழே போனால்தான் யார் தயவும் இல்லாமல் தானே உறையும்.

இதை வீட்டில் சொன்னபோது என் பெரியப்பா சிரித்தார். எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் 30 வருஷம் வேலை பார்த்தவர். "இதுல என்னடா புதுசு? உருகின இரும்பை லேடில்ல புடிச்சதும் கொஞ்சம் ஃபெர்ரோ சிலிகான் பொடி போடுவோம். போட மறந்தியோ, காஸ்டிங் ஓரமெல்லாம் வெள்ளையா இறுகிடும். ட்ரில் பிட்டு ஒடிஞ்சிரும். மெஷின் ஷாப்காரன் வந்து எங்கள கிழிப்பான். பொடி போட்டுட்டும் ரொம்ப நேரம் வேடிக்கை பாக்கக் கூடாது. அதோட வேகம் போயிடும், சட்டுனு ஊத்திடணும்." நம் ஃபவுண்டரி பாடத்தில் 'இனாகுலேஷன்' என்று இரண்டு மார்க் கேள்வியாக வருவது இதுதான். அந்தப் பொடியிலிருந்து வரும் கருக்களைப் பிடித்துக்கொண்டு கார்பன், கிராஃபைட்டாகப் பிரிகிறது. சாம்பல் நிற வார்ப்பிரும்பு கிடைக்கிறது. கரு குறைந்தால் வெள்ளை வார்ப்பிரும்பு. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனை பட்டறைகளில் எத்தனை கைகள் இந்தப் பொடியை அள்ளிப் போட்டிருக்கும்! அவர்கள் செய்ததும் ஆகாயத்தில் நடப்பதும் ஒரே சமாச்சாரம். இடமும் பொருளும்தான் வேறு.

இப்போது மேலே பார்ப்போம். மேனாம்பேடு ஏரிக்கரையில் மாலை நேரம் நின்று ஆவடிப் பக்கம் பார்த்தால், சூரியன் இறங்கிய பிறகும் வெளிச்சம் வாங்கிக்கொண்டு மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் தெரியும். சிரஸ் மேகம் என்கிறார்கள். கீற்று மேகம் என்று நாம் சொல்லலாம். நம் ஊர் அட்சரேகையில் இவை பெரும்பாலும் 10 கிலோமீட்டருக்கு மேலே, 16, 17 கிலோமீட்டர் வரை இருக்கும். அந்த உச்சியில் வெப்பநிலை மைனஸ் 80 டிகிரி பக்கம். கீழே நாம் மே மாதத்தில் 40-க்கு மேல் வேகும்போதும் மேலே அதே மைனஸ் 80தான்! சில கீற்றுகள் வங்கக் கடலில் எழும்பும் இடி மேகங்களின் தலை உடைந்து பரவுவதால் வருபவை. மற்றவை அங்கேயே, அந்தக் குளிரிலேயே புதிதாகப் பிறப்பவை. நான் இங்கே பேசுவது அங்கேயே பிறப்பவற்றைப் பற்றி.

பிறப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கந்தக அமிலம் கரைந்த மிக நுண்ணிய துளிகள் தானே உறைவது. இதற்கு ஐஸ் கணக்கில் ஈரப்பதம் 100 சதவீதம் போதாது. 140 முதல் 170 சதவீதம் வரை ஏற வேண்டும். எந்த வெப்பநிலையில் எவ்வளவு என்பதற்கு சூரிச் நகரத்து தாமஸ் கூப்பும் அவர் கூட்டாளிகளும் 2000-ஆம் ஆண்டில் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். துளியில் கரைந்திருப்பது எந்த உப்பு, எந்த அமிலம் என்று பார்க்கவே வேண்டாம், துளிக்குள் தண்ணீர் எவ்வளவு கட்டில்லாமல் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும் என்பது அதன் அழகு. இன்றைக்கும் பல மாடல்களில் அதுதான் ஓடுகிறது.

இரண்டாவது வழி, தூசி. பாலைவன மண் தூசி, உலோகத் துகள் மாதிரியானவை கருவாக இருந்தால் அவ்வளவு ஈரப்பதம் ஏறும் வரை காத்திருக்க வேண்டாம். முன்னாடியே ஐஸ் உருவாகிவிடும். இங்கேதான் வேடிக்கை. மறுபடியும் பந்திக்கே வருகிறேன். தூசி மேல் உருவான சில படிகங்கள் முதலில் உட்கார்ந்து, சுற்றி இருக்கும் நீராவியை எல்லாம் வாங்கித் தின்றுவிடும். முதல் பந்திக்காரர்களே பாயசத்தைக் காலி செய்துவிட்டால் இரண்டாம் பந்தியே கிடையாது! மற்ற துளிகள் தானே உறைவதற்குத் தேவையான ஈரப்பதம் வரவே வராது. அதனால் தூசி சேர்ந்தால் ஐஸ் படிகம் பெருகும் என்று நாம் நினைக்க, பல நேரம் குறைந்துவிடும்.

"குறைஞ்சா என்ன, கூடினா என்ன?" என்று கேட்பீர்கள். படிகம் கொஞ்சமாக, பெரிதாக இருந்தால் கனத்தில் கீழே விழுந்துவிடும், மேகம் சீக்கிரம் மெலியும். ஏராளமாக, பொடிப்பொடியாக இருந்தால் மேகம் நெடுநேரம் மிதந்து பரவும். மெல்லிய கீற்று மேகம் சூரிய ஒளியைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். ஆனால் பூமியிலிருந்து இரவு பகலாக வெளியே போகும் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போர்வை மாதிரி. பூமி சூடாகும் கணக்கில் அந்தப் போர்வை எவ்வளவு கனம் என்பது சின்ன விஷயமில்லை. 2021-ல் வந்த ஐ.பி.சி.சி. ஆறாவது அறிக்கையே, வெப்ப மண்டலத்து உச்சி மேகங்களின் பரப்பு எப்படி மாறும் என்பதில் தன் நம்பிக்கை குறைவு என்று எழுதி வைத்திருக்கிறது. வெப்ப மண்டலம் என்றால் யாரோ இல்லை. நாம்தான்!

சரி, கம்ப்யூட்டர் எங்கே வருகிறது? ஒரு காற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அது மேலே ஏறுகிறது, விரிகிறது, குளிர்கிறது. ஒவ்வொரு விநாடிக்கும் வெப்பநிலை எவ்வளவு, நீராவி எவ்வளவு, எத்தனை துளி உறைந்தது, உறைந்தது எவ்வளவு வளர்ந்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போவது. இதுதான் அடிப்படை. நம் தெர்மோடைனமிக்ஸ் பாடத்தைத் தாண்டி இதில் பெரிய ரகசியம் ஏதுமில்லை.

ரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது. பொட்டலம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது? 2002-ல் பெர்ன்ட் கெர்ஷர், உல்ரிகே லோமான் என்ற இருவர் காட்டிய கணக்குப்படி, துளிகள் தானே உறையும் வழியில், ஏறும் வேகம் 10 மடங்கானால் ஐஸ் படிகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 30 மடங்காகும். விநாடிக்கு 10 சென்டிமீட்டரா, 1 மீட்டரா என்பதில் மேகத்தின் ஜாதகமே மாறிவிடும். உலகம் முழுவதற்கும் ஓடும் மாடலிலோ ஒரு கட்டம் 100 கிலோமீட்டர் இருக்கலாம். சென்னைக் கடற்கரையில் ஆரம்பித்து வாலாஜாபேட்டையை நெருங்கும் வரை ஒரே கட்டம், ஒரே காற்று, ஒரே வேகம்! 2025 மே மாதம் நம் நாட்டில் தொடங்கிய பாரத் முன்கணிப்பு முறையில் கட்டம் 6 கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனாலும் அந்த ஆறு கிலோமீட்டருக்குள் அலை அலையாக ஏறி இறங்கும் காற்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரியாததை என்ன செய்வார்கள்? ஒரு எண்ணை வைத்துக்கொள்வார்கள். தூசிக்கும் அப்படி ஒரு எண். படிகம் விழும் வேகத்துக்கும் ஒரு எண். மொத்தக் கணக்கு சரிக்கட்டவில்லையென்றால் அந்த எண்ணைக் கொஞ்சம் திருகிப் பார்ப்பதும் உண்டு. இதில் மோசடி எதுவும் இல்லை, அவர்களே கட்டுரைகளில் வெளிப்படையாக எழுதுகிறார்கள். "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்று வாயைப் பிளக்கும் நாம்தான் அந்தத் திருகாணியைப் பார்ப்பதில்லை.

நான் இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், சொந்தமாக ஒன்று எழுதிப் பார்த்ததில். சுமார் 200 வரி ப்ரோக்ராம். முதல் நாள் ஓட்டியபோது ஈரப்பதம் மைனஸில் போய்விட்டது! மைனஸ் ஈரப்பதம் என்றால் என்ன என்று யோசித்து யோசித்து, ராத்திரி ஒரு மணிக்குத்தான் புரிந்தது, 10 விநாடிக்கு ஒரு தடவை கணக்குப் போட்டதால் வந்த வினை என்று. பத்து விநாடியில் ஐஸ் இருக்கிற நீராவிக்கு மேலேயே தின்றுவிட்டதாகக் கணக்கு வந்துவிட்டது. அதை அரை விநாடியாக மாற்றினேன். அப்புறம் தூசியே இல்லாமல் ஓட்டினால் ஒரு மேகம், கொஞ்சம் தூசி போட்டு ஓட்டினால் வேறு மேகம், இன்னும் கொஞ்சம் போட்டால் தானே உறைவது அடியோடு நின்றே போனது. அம்மா எழுந்து வந்து, "என்னடா இந்நேரத்துல தனியா சிரிக்கிறே?" என்று கேட்டது தனிக் கதை.

இதையே மூன்றாமாண்டு ப்ராஜெக்டாகச் செய்யலாம் என்று நாங்கள் நாலு பேர் முடிவு செய்தோம். கம்ப்யூட்டரில் மாடல் ஒரு பக்கம். பழைய பெட்டி ஃப்ரீசருக்குள் உண்மையான மேகம் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். (யார், எந்த ஊர் என்றெல்லாம் கேட்காதீர்கள்.) இரண்டு நிமிஷம் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இது ஐ.ஐ.டி. சமாச்சாரம். உங்களுக்கு எதுக்கு? பாஸ் ஆகணுமா, வேணாமா? போன வருஷம் பண்ண நியூமேட்டிக் ஜாக்கியையே பண்ணுங்க" என்றார். ஜாக்கி கடையிலேயே கிடைத்தது. நாலு பேரும் காசு போட்டு வாங்கி, பெயின்ட் அடித்து, பெயர் எழுதி, வைவாவில் நின்று பாஸும் ஆகிவிட்டோம். எத்தனை துறைகளில், எத்தனை கல்லூரிகளில் இது வருஷா வருஷம் நடக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெரியவர் மேலும் முழுப் பழி போட மாட்டேன். லேப் நேரம் கிடையாது, பணம் கிடையாது, அறுபது பேருக்கு அவர் ஒருவர். பிறகு ஒரு நாள் என் கிராஃபைப் பார்த்து, "இந்தக் கோடு ஏன் திடீர்னு இறங்குது?" என்று அரை மணி நேரம் நின்று கேட்டவரும் அவரேதான்.

ஆனால் "ஐ.ஐ.டி. சமாச்சாரம்" என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் என்று ஒருவர். 1906-ல் பிறந்தவர். வீட்டுக் கஷ்டத்துக்காகப் பள்ளிக்கூடத்தை முடிக்காமலே விட்டுவிட்டு ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் மெஷின் ஷாப்பில் அப்ரன்டிஸாகச் சேர்ந்தவர். நம்ம ஆள்! கைத்திறமையைப் பார்த்து, நோபல் பரிசு வாங்கிய இர்விங் லாங்முயர் அவரைத் தன் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். 1946 ஜூலையில் ஷேஃபர் என்ன செய்தார் தெரியுமா? சாப்பாட்டுச் சாமான் வைக்கும் ஒரு பெட்டி ஃப்ரீசரை எடுத்து உள்ளே கறுப்பு வெல்வெட் துணி ஒட்டினார். குனிந்து உள்ளே மூச்சு விட்டார். மூச்சுக் காற்று மேகமாக நின்றது. மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போயும் ஐஸ் ஆகவில்லை. ஏதேதோ பொடி தூவிப் பார்த்தார், ம்ஹும். ஒரு நாள் வெயில் அதிகம், பெட்டி போதுமான அளவு குளிரவில்லை. குளிர வைக்கலாம் என்று ஒரு கட்டி டிரை ஐஸை உள்ளே வைத்தார். வைத்த கணமே கோடிக்கணக்கான ஐஸ் படிகங்கள் வெளிச்சத்தில் மினுமினுத்தன! டிரை ஐஸைச் சுற்றிய காற்று மைனஸ் 40-க்கும் கீழே போனதால் துளிகள் தானே உறைந்தன. கீற்று மேகத்தில் நடப்பதும் அதுதான். அதே ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி விமானத்தில் ஏறி உண்மையான மேகத்திலேயே டிரை ஐஸ் தூவிக் காட்டினார். செயற்கை மழை முயற்சிகளுக்கெல்லாம் அந்தப் பெட்டிதான் ஆரம்பம். நம் தமிழ்நாட்டு அரசும் வறட்சிக் காலங்களில், 1983-லும் 1993-94-லும், மேகத்தில் விதை தூவிப் பார்த்த கதை வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

அன்றைக்கு அந்த மெஷின் ஷாப் அப்ரன்டிஸிடம் யாராவது "இது உனக்கு எதுக்குப்பா, ஜாக்கி பண்ணு" என்று சொல்லியிருந்தால்?

இரண்டாவது காரணம் நமக்கு இன்னும் பக்கம். நம் அம்பத்தூர் ஸ்டேஷன் வழியாகத் திருப்பதி ரயில் போகிறதே, அதில் ஏறித் திருப்பதியில் இறங்கி, சித்தூர் போகும் ரோட்டில் போனால் கடங்கி என்று ஒரு கிராமம். அங்கே வயல்களுக்கு நடுவே, 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில், பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா மாதிரியான யாகி ஆன்டெனாக்கள் 32 வரிசைக்கு 32, மொத்தம் 1024 நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார். 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டு சமீர் நிறுவனம் உருவாக்கியது. இப்போது அந்த இடம் விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம். 1998-லிருந்து ஜப்பான்காரர்களோடு சேர்ந்து அமைத்த லைடாரும் அங்கே உண்டு. பச்சை லேசர் ஒளியை மேலே அனுப்பி, கீற்று மேகம் எந்த உயரத்தில், எவ்வளவு தடிமனில் இருக்கிறது என்று அளப்பது. இதில் முக்கியம் என்னவென்றால், அந்த ரேடார் காற்று நேர் மேலே ஏறும் வேகத்தையே அளக்கும். மாடல்காரர்கள் எந்த எண்ணைத் தெரியாமல் ஊகித்து வைத்துக்கொள்கிறார்களோ, அதே எண்! ஒரே ஊரில் ஏறும் வேகமும் அளக்கலாம், மேகமும் அளக்கலாம். இப்படி ஒரு வசதி உலகத்தில் எத்தனை இடத்தில் இருக்கும்? நம் வீட்டிலிருந்து ஒரு நாளில் போய் வரும் தூரத்தில் இருக்கிறது. நம் வகுப்பில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இ.சி. பிரிவுத் தோழர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்!

தூசி விஷயத்துக்கு வருவோம். கீற்று மேகத்தின் ஐஸ் படிகங்களைப் பிடித்து, உருக்கி, உள்ளே என்ன கரு இருக்கிறது என்று பார்த்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. டேனியல் சிக்ஸோ குழுவினர் செய்தது. பெரும்பாலும் மண் தூசியும் உலோகத் துகளும்தான் என்றார்கள். அருமையான வேலை. ஆனால் அந்த விமானங்கள் பறந்தது வட அமெரிக்கா, மத்திய அமெரிக்காப் பக்கத்து வானத்தில். நம் வானத்தில் இருப்பதும் அதேதானா? மழைக்காலத்தில் நம் துணைக்கண்டத்துக்கு மேலே சுமார் 13-லிருந்து 18 கிலோமீட்டர் உயரத்தில் துகள்கள் ஒரு அடுக்காகச் சேர்கின்றன என்று செயற்கைக்கோள் மூலம் 2011-ல்தான் தெரிய வந்தது. 2014-லிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து கடங்கி, ஹைதராபாத் போன்ற இடங்களிலிருந்து பலூன் விட்டு அதை அளந்தன. நைட்ரேட் இருப்பது தெரிந்தது. 2017-ல் காட்மாண்டுவிலிருந்து ஒரு ரஷ்ய உயரப் பறக்கும் விமானத்தை வைத்து ஐரோப்பியக் குழு ஆய்வு செய்தது. 2019-ல் அந்த முடிவுகள் வந்தபோது, அங்கே இருப்பதில் முக்கியமானது அம்மோனியம் நைட்ரேட் என்றார்கள். வயலில் போடும் உரத்திலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் கிளம்பும் அம்மோனியா, இடி மேகத்தோடு மேலே போய் அப்படி ஆகிறதாம். திடமான அம்மோனியம் நைட்ரேட் ஐஸுக்குக் கருவாக இருக்கும் என்பதை ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தின் 84 கனமீட்டர் மேகக் கலத்தில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நம் மாட்டுச் சாணிக்கும் 15 கிலோமீட்டர் உயரத்து ஐஸுக்கும் உறவு! அமெரிக்க வானத்து எண்ணை வைத்து நம் வானத்தைக் கணக்குப் போட்டால் எப்படிச் சரியாக வரும்?

இது வெறும் படிப்பு விஷயம் என்றால் நான் இவ்வளவு கத்த மாட்டேன். 2009-ல் மிட்செல், ஃபின்னெகன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு யோசனை சொன்னார்கள். கீற்று மேகத்தில் பிஸ்மத் அயோடைடு மாதிரி ஏதாவது கருவைத் தூவி, படிகங்களைப் பெரிதாக்கிக் கீழே விழ வைத்தால் மேகம் மெலியும், போர்வை விலகும், பூமி குளிரும். பெரியப்பாவின் கைப்பிடிப் பொடியை ஆகாயத்துக்கே போடுகிற யோசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாடலில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு மாடல் குளிரும் என்றது. இன்னொன்று பலனே இல்லை என்றது. பொடி அதிகமானால் மேகம் இன்னும் தடித்து, பூமி சூடாகவும் கூடும் என்றும் கணக்கு வந்தது. ஏன் இந்த முரண்பாடு? இயற்கையில் ஏற்கெனவே எவ்வளவு தூசி, காற்று ஏறும் வேகம் எவ்வளவு என்பதற்கு ஒவ்வொருவரும் வைத்துக்கொண்ட எண் வேறு. அதே திருகாணி! நாளைக்கு ஏதோ ஒரு நாடோ கம்பெனியோ "எங்க மாடல் சரின்னு சொல்லுது" என்று தூவக் கிளம்பினால், பருவமழையை நம்பியிருக்கும் நாம் என்ன கேள்வி கேட்போம்? கேள்வி கேட்க வேண்டுமானால் அந்தத் திருகாணி எங்கே இருக்கிறது என்றாவது நம்மில் பத்துப் பேருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நம் வானத்தில் எடுத்த அளவு நம் கையில் இருக்க வேண்டாமா?

"இதெல்லாம் சோறு போடுமா மச்சான்? இன்டர்வியூவுல கேப்பானா?" என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. கேம்பஸ் இன்டர்வியூவில் சிரஸ் மேகத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் மாடலுக்குள் போகும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கருவி இருக்கிறது. அதற்கு கம்ப்ரசர் உண்டு, வாக்குவம் பம்ப் உண்டு, தெர்மோகப்பிள் உண்டு, லீக் டெஸ்ட் உண்டு, லேசரை நேர்க்கோட்டில் நிறுத்துகிற வேலை உண்டு. அதையெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கியவர் மட்டும் தனியாகச் செய்துவிட முடியாது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு 2,000 கோடி ரூபாயில் 'மிஷன் மௌசம்' திட்டத்தை அறிவித்தது. அதில் புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் மேகக் கலம் ஒன்று அமைப்பதும் சேர்த்தி. அந்தக் கலத்துக்கு வெல்டிங் பிடிப்பவனும் குளிரூட்டுபவனும் சென்சார் மாட்டுபவனும் யாராக இருப்பான்? நம்மில் ஒருவன் ஏன் இருக்கக் கூடாது?

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள், துறைத் தலைவர் அவர்களுக்கும் அதையே பணிவோடு வைக்கிறேன். அடுத்த ஆண்டு மூன்றாமாண்டு ப்ராஜெக்டில் ஒரே ஒரு குழுவுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். மெக்கானிக்கல், இ.சி., கம்ப்யூட்டர் மூன்று பிரிவும் கலந்த குழுவாக இருக்கட்டும். கடைச் சரக்கு வேண்டாம். மார்க் குறைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் பிள்ளைகள் ஜூனியர்களில் மூன்று பேர் இப்போதே இருக்கிறார்கள். கல்விச் சுற்றுலா என்று வருஷா வருஷம் ஒரே அணைக்கட்டுக்குப் போகிறோமே, ஒரு தடவை முறைப்படி அனுமதி வாங்கிக் கடங்கிக்குப் போகலாம். திருப்பதி லட்டும் ஆச்சு!

என் ப்ரோக்ராம் பென்டிரைவில் இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுப்பேன். அதில் படிகம் விழும் கணக்கை நான் சேர்க்கவே இல்லை, அதையும் சேர்த்துச் சரி செய்ய வேண்டும். கறுப்பு வெல்வெட் துணி வாங்கியாச்சு. எட்டு தெர்மோகப்பிளுக்கு இ.சி. பிரிவு நண்பன் பொறுப்பேற்றிருக்கிறான். டிரை ஐஸ் எங்கே கிடைக்கும் என்று பெரியப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார். ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு இதுதான் உற்சாகமான வேலை. ஃப்ரீசர்? கடைக்குப் புதுசு வாங்கப் போவதால் பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி. கம்ப்ரசர் மட்டும் மாற்ற வேண்டும், கேஸும் அடிக்க வேண்டும். "ஆனா தம்பி, தண்ணில அவன் என்ன கலக்குதான்னு கண்டுபிடிச்சி எனக்குச் சொல்லிரணும்" என்பது அவர் போட்ட நிபந்தனை.

- மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு
மேனாம்பேடு